ஒரே பானையில் இருவர்

அத்தியாயம் 12

விடிவதற்குச் சற்று முன் செக்கர் மறுபடியும் தண்ணீருக்கடியில் இருந்தார்.

கனவு எப்போதும் ஒன்றுதான். பாட்டில் தொழிற்சாலையின் பெரிய உலை. உள்ளே நெருப்புக்குப் பதில் பச்சைத் தண்ணீர். அவர் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேல் பாட்டில்கள் மீன் கூட்டம் போல மெல்லப் போகின்றன. ஒவ்வொன்றிலும் கீறல் இருக்கிறதா, குமிழி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது மூச்சு விடவில்லையே என்ற நினைப்பு வரும். உடனே நெஞ்சு அடைக்கும், விழிப்பு வந்துவிடும்.

இன்று அந்த நினைப்பு வந்தது, நெஞ்சு அடைக்கவில்லை. தண்ணீருக்கடியிலேயே சாவகாசமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

கண்ணைத் திறந்தபோது ஒரு தலையணை கீழே கிடந்தது. மூன்றை அடுக்கிச் சாய்ந்து படுத்தால்தான் தூக்கம் வரும் மனிதர், இரண்டிலேயே தூங்கியிருக்கிறார்.

"எந்திரிச்சாச்சா?" மனைவி கதவோரம் நின்றாள். குளித்து, கொண்டையை இறுக்கிக் கட்டி, வேலைக்குக் கிளம்பியாயிற்று. கையில் அவளுடைய சாப்பாட்டு டப்பா.

"தலையணையப் பாரு."

பார்த்தாள். சிரிக்கவில்லை. குனிந்து அதை எடுத்துத் தட்டிக் கட்டில்மேல் வைத்தாள். "இன்னிக்கு அளக்கற நாள். ஆஸ்பத்திரி கேள்விக்காரிகிட்ட இதையும் சொல்லுங்க. எதையாவது மறைச்சீங்க, மக என்கிட்ட சொல்லிடுவா."

"உன் மக சி.ஐ.டி."

"கேனை மறக்காதீங்க" என்றபடி போய்விட்டாள்.

இந்த வீட்டுக்குள் இன்றுதான் காலெடுத்து வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செக்கர் பாதி ஆயுளை உலைக்கு முன்னால் வேர்வையாக விட்டவர். போன மழைக்காலத்தில் கால் வீங்கியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இதயம் தளர்ந்துவிட்டது, தள்ள வேண்டிய அளவு ரத்தத்தைத் தள்ளவில்லை என்றார்கள். தொழிற்சாலை அவரை உலையிலிருந்து எடுத்து, பாட்டில் பார்க்கும் அறையில் வெள்ளை விளக்குப் பலகைக்கு எதிரே உட்கார வைத்தது. பெயர் போய் செக்கர் ஆனார்.

ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. இதயம் தளர்ந்தவர்களில் சிலருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். சிலருக்கு உப்பை நன்றாகவே குறைத்த சாப்பாடு. ஆயுள் கூடுகிறதா என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. தூக்கம் எப்படி, நடை எப்படி, கோபம் எப்படி, நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா, ஒரு நாள் எப்படிக் கழிகிறது, எல்லாவற்றையும் அளந்தார்கள். செக்கர் உப்புக் குறைந்த கூட்டத்தில் விழுந்தார்.

முதல் நாளே தட்டை வீசினார். வீசிய தட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டு அவள் சொன்னது ஒன்றுதான். "நீங்க திங்கறதத்தான் நானும் திங்கப் போறேன். ஒரே பானை. நான் வேலை பாக்கற கேன்டீனுக்கும் இதே டப்பாதான். நீங்க நிறுத்தினா நானும் நிறுத்துவேன்."

மூன்று மாதம் ஆயிற்று. அவரும் நிறுத்தவில்லை, அவளும் நிறுத்தவில்லை. ஒரு ஆம்பளைக்குத் துணைக்கு ஆள் உட்கார்ந்தால்தான் சோறு இறங்குகிறது என்பது வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று நினைத்தார். மகளைத் தவிர யாருக்கும் தெரியாது.

*

ஆய்வுக்கு, முந்தின நாள் காலையிலிருந்து இன்று காலை வரை அவர் கழித்த சிறுநீர் முழுவதும் ஒரு வெள்ளைக் கேனில் வேண்டும். உடம்புக்குள் எவ்வளவு உப்பு போயிருக்கிறது என்பதை வாய் மறைத்தாலும் அது மறைக்காது.

கேனை மகள் தன் கடைப் பையில் வைத்துக்கொண்டாள். அவள் செருப்புக் கடையில் வேலை செய்கிறவள். பையில் பெரிதாக ஒரு ஷூ படம்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். "புது ஷூவா? எங்க வாங்கினது?"

"அப்பாவோடது, அக்கா. ஆஸ்பத்திரில காட்டக் கொண்டு போறோம்."

"ஷூவையா?"

"அளவு சரியா இருக்கான்னு பார்ப்பாங்க" என்றார் செக்கர், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. மகள் பையைக் கட்டிக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "ஆட்டாதடி, ஆட்டாத" என்றார்.

தெருவெல்லாம் பனி. கடைகளின் விளக்குகள் பாலில் விழுந்த மாதிரி மங்கித் தெரிந்தன. பஸ் மிதந்து போவதாகத் தோன்றியது அவருக்கு. இப்போதெல்லாம் காலை நேரம் இப்படித்தான் இருந்தது. எதிலும் அவசரமில்லை. கனவு பாதியில் நின்று, மீதி தெருவில் ஓடியது.

இறங்கும்போது அவருடைய வலது ஷூ படியிலேயே கழன்று நின்றது.

மகள் அங்கேயே மண்டி போட்டு உட்கார்ந்தாள். நாள் முழுக்க அடுத்தவர் காலடியில் உட்காருவது அவள் தொழில். கட்டைவிரலால் அவர் கணுக்காலை அமுக்கினாள். குழி விழவில்லை.

"வீங்கினப்ப ஒரு அளவு பெருசா வாங்கினோம்ல. அதான் கழலுது."

"அப்ப கேள்விக்காரி எதுக்கு? நீயே அளந்துட்டியே."

"எழுந்து நடங்கப்பா. ஜனம் பாக்குது."

*

கேள்விக்காரிக்கு முப்பது வயதுதான் இருக்கும். நல்ல பெண். கேள்வி கேட்டுக் கேட்டுக் குரலே கேள்விக்குறி மாதிரி வளைந்துவிட்டது.

முதலில் நடை. நீளமான வராந்தாவில் இந்தக் கோடியில் ஒரு கூம்பு, அந்தக் கோடியில் ஒரு கூம்பு. ஆறு நிமிஷம் போய்த் திரும்ப வேண்டும். ஜன்னல் வெளிச்சம் தரையில் கட்டம் கட்டமாகக் கிடந்தது. செக்கர் நடந்தார். வெளிச்சக் கட்டம், நிழல், வெளிச்சக் கட்டம். கொஞ்ச நேரத்தில் தான் நிற்பது போலவும் வராந்தாதான் நகர்ந்து போவது போலவும் இருந்தது, வேலையில் அவர் உட்கார்ந்திருக்க பாட்டில்கள் நகர்ந்து போகிற மாதிரி. போன முறை நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நாய் மாதிரி இளைத்தார். அந்த நாற்காலி வந்தது. போயிற்று. மறுபடி வந்தது. மறுபடி போயிற்று.

"நிறுத்தலாம் ஐயா" என்றாள் கேள்விக்காரி. "நேரம் முடிஞ்சு போச்சு."

"இதுக்குள்ளயா?"

பிறகு கேள்வி.

"ராத்திரி மூச்சு முட்டி எழுந்திருக்கீங்களா?"

"கனவுல முட்டும். இன்னிக்கு அதுவும் இல்ல."

"கனவை எப்படி எழுதறது?"

"எழுதாத. ரெண்டு தலையணைன்னு எழுது."

எழுதினாள். "சாப்பாடு எப்படி இருக்கு? ஒண்ணு ரொம்ப மோசம், அஞ்சு ரொம்ப நல்லாருக்கு."

"மொத மாசம் சுவத்தை நக்கற மாதிரி இருந்துச்சு. அதுக்கு ஒண்ணு கூட ஜாஸ்தி. இப்ப பீன்ஸ் பீன்ஸ் மாதிரி இருக்கு. உருளைக்கிழங்கு ஒரு மாதிரி இனிக்குது. இத்தனை வருஷமா அது இனிக்கும்னே தெரியாம தின்னிருக்கேன்."

அவள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். "நாக்கு மாறிடும் ஐயா. பழகிட்டா கொஞ்சம் உப்பே நிறையாத் தெரியும். பழைய சாப்பாட்டை இப்ப வாயில வச்சீங்கன்னா கடல் தண்ணி மாதிரி இருக்கும்."

"அப்படியா!" செக்கருக்கு அது பிடித்துப்போயிற்று. வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும் என்று பத்திரப்படுத்திக்கொண்டார்.

"கடைசி கேள்வி. உங்க சாப்பாட்டு முறையால வீட்ல வேற யாருக்காவது சிரமம்?"

"அவளுக்கா?" அவர் கையை வீசினார். "அவ இரும்பு. அவளுக்கென்ன சிரமம். இல்லன்னு போடு."

கேள்விக்காரி இல்லை என்று போட்டாள்.

மகள் அந்த நேரம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று பொரித்த உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தாள். தின்று முடித்து விரலை நக்கினாள். வாயைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

*

அதே நேரத்தில் தொழிற்சாலைக் கேன்டீனில் பெரிய கரண்டி உப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தாள். செக்கரின் மனைவிக்கு அங்கே அதுதான் பெயர். போர்மேனிலிருந்து பாத்திரம் தேய்க்கிறவள் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

உலை முகப்பில் நிற்கிறவனுக்குச் சட்டை ஒரு ஷிப்டில் பத்துத் தடவை நனைந்து பத்துத் தடவை காயும். காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். போன உப்பைத் திரும்ப ஊற்ற வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தசை முறுக்கிக்கொள்ளும். அதற்காகத்தான் கேன்டீனிலிருந்து டிரம்மில் உப்புத் தண்ணீர் போகும். அளவுக் கரண்டி கிடையாது. கைப்பிடியில் அள்ளிப் போட்டு, கலக்கி, ஒரு சொட்டு நாக்கில் விட்டுக்கொள்வாள். அவள் சரி என்றால் சரி. இதுநாள் வரைக்கும் ஒருவனும் முகம் சுளித்ததில்லை.

சொட்டு விட்டாள். கரித்தது. "அடடா, ஜாஸ்தியாப் போச்சு" என்று இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றினாள். மறுபடி சொட்டு விட்டாள். இதமாக இருந்தது.

"எடுத்துட்டுப் போங்க."

மதியம் சாப்பாட்டு மணிக்கு முன்பே சத்தம் கேட்டது. ஓடுகிற காலடிச் சத்தம். அவள் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். இரண்டு பேர் ஒருவனைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோனார்கள். முகம் தெரியவில்லை. ஆனால் அந்த நொண்டும் கால், உதறும் விதம், சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்தபோது பார்த்த அதே விதம்.

அவள் தம்பி.

அவன் பாட்டில் அச்சுகளுக்கு எண்ணெய் தடவுகிறவன். கெண்டைக்கால் கல்லாக முறுக்கிக்கொண்டது. விழுந்தான். விழும்போது எதையாவது பிடிக்கப் பார்க்கும் கை, சிவக்கக் காய்ந்த அச்சைப் பிடித்துவிட்டது.

முதலுதவி அறையில் முழங்கைவரை துணி சுற்றி உட்கார வைத்திருந்தார்கள். உதடு வெளுத்திருந்தது. அக்காவைக் கண்டதும் இளித்தான்.

"வறுத்தாச்சுக்கா. உப்பு தூவ வேண்டியதுதான் பாக்கி."

"வாயை மூடுடா."

"மூணு பேருக்கு கால் முறுக்கிருச்சு இந்த வாரம். நான் மட்டும்தான் அச்சுப் பக்கத்துல நின்னேன். என் அதிர்ஷ்டம்."

அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவனிடமிருந்து எண்ணெயும் கருகலும் வீசியது.

கேன்டீனுக்குத் திரும்பியபோது போர்மேன் காத்திருந்தார். கையில் ஒரு குவளை.

"குடிச்சுப் பாருங்கக்கா."

குடித்தாள். "உலைக்குக் கலக்கினதுதானே? சரியாத்தான இருக்கு."

"உப்பு இருக்கா?"

"நல்லாவே இருக்கு."

போர்மேன் குவளையைப் பாத்திரம் தேய்க்கிறவளிடம் நீட்டினார். அவள் குடித்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சொல்லத் தயங்கினாள்.

"பச்சத் தண்ணி" என்றாள்.

லாரி டிரைவர் ஒருவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவரிடம் நீட்டினார். "தண்ணிதான். ஏன், ஏதாவது கலந்திருக்கா?"

பெரிய கரண்டிக்கு முதலில் கோபம் வந்தது. எல்லாரும் சேர்ந்து தன்னைக் கோமாளி ஆக்குகிறார்கள் என்று நினைத்தாள். பிறகு மேசைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு தட்டின் பக்கத்திலும் உப்புக் கிண்ணம் இருந்தது. முன்பெல்லாம் கிண்ணம் அலமாரியை விட்டு இறங்காது. 'கரண்டிக்கா, கை சுருங்கிடுச்சா?' என்று போன வாரம் ஒருவன் கேட்டான். கிண்டல் என்று நினைத்து அவனுக்கு ஒரு கரண்டி கூடப் போட்டு அனுப்பினாள்.

கல்லாப் பலகையில் அவளுடைய சாப்பாட்டு டப்பா திறந்து கிடந்தது. உப்பில்லாத உருளைக்கிழங்கு. காலையில் பாதியை ருசித்துத் தின்றிருந்தாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை. வேலை செய்கிற உடம்புக்குத் தன் கருவி மழுங்கினால் தெரியும், கூராகிவிட்டாலும் தெரியும்.

போர்மேன் குரலை உயர்த்தவில்லை. "நாளைக்குக் காலைல நான் பக்கத்துல நிக்கறேன். நீங்க கலக்குங்க. நாக்கு சரியில்லேன்னா இப்பவே சொல்லிடுங்கக்கா, வேற ஆள் பாக்கறேன். உலைக்கு முன்னால நிக்கறவன் மெஷின் இல்ல."

"கலக்கறேன்" என்றாள்.

*

சாயங்காலம் வீட்டில் செக்கர் மேசைக்கு எதிரே பழைய ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன வருஷத்து ஷூ. கால் திரும்ப அதற்குள் நுழைந்துவிட்டது. அவள் உள்ளே வந்ததும் ஒரு காலைத் தூக்கிக் காட்டினார்.

"மணப்பெண் மாதிரி போகுது பாரு உள்ள."

அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். தம்பிக்குக் கையில் லேசாகச் சுட்டுவிட்டது என்று அங்கிருந்தே சொன்னாள். அவர் பதறினார். பயமில்லை, மருந்து போட்டாயிற்று என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை. பானையில் காய் வெந்துகொண்டிருந்தது. ஆவி ஜன்னல் கண்ணாடியில் படிந்து தெருவிளக்கை ஆரஞ்சுச் சுளை மாதிரி ஆக்கியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து செக்கர் அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார்.

"கேள்விக்காரி ஒண்ணு சொன்னா. நமக்கெல்லாம் நாக்கு மாறிப்போச்சாம். ஊரு திங்கற சோறு நமக்கு இப்ப கடல் தண்ணியா இருக்குமாம். நீ வேணா பாரு, உன் கேன்டீன் சாப்பாடு உனக்கே..."

கரண்டி தரையில் விழுந்தது.

அவர் நிறுத்தினார். ஆயிரம் பாட்டில் ஓடும்போது அதில் ஒரு கீறலைப் பிடிக்கிற கண். அவள் முதுகைப் பார்த்தார். விழுந்த கரண்டியை எடுக்காமல் நிற்கும் அவள் கையைப் பார்த்தார்.

"மச்சானுக்கு எப்படிச் சுட்டுச்சு?"

அவள் குனிந்து கரண்டியை எடுத்தாள்.

"கால் முறுக்கிச்சா?"

"ஆமா."

"உப்புத் தண்ணி நீதான கலக்கற?"

"ஆமாங்க."

மகள் உள்ளறையிலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செக்கர் ஷூவைக் கழற்றினார். அவசரமில்லாமல் இரண்டையும் ஜோடியாகக் கட்டிலடியில் வைத்தார்.

"இன்னியோட முடிஞ்சுது. நீ உப்பு சாப்பிடு. தனிப் பானை வை."

"நீங்க?"

"நான் என்ன சின்னப் பிள்ளையா? தனியாத் தின்னுக்குவேன்."

"மொத நாள் தட்டை வீசினது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?"

"அதுக்காக உன் தம்பிய வேக வைக்கணுமா?"

சொன்னவருக்கே அது வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

"தப்பு என்னோடது" என்றாள் அவள் மெதுவாக. "கைக்குத் தெரிஞ்ச அளவை நாக்கு பேச்சைக் கேட்டு மாத்தினேன். ஆனா நான் பானையை மாத்தினா, பத்து நாள்ல நீங்க அந்த மூணாவது தலையணையத் தேடுவீங்க. எனக்கு உங்களைத் தெரியாதா?"

மறுக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். தனியாகச் சாப்பிட உட்கார்ந்த அந்த முதல் நாள் அவருக்கு நினைவிருந்தது. கேள்வித்தாளில் அதற்கு எண் இல்லை.

மகள் ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி உச்சியிலிருந்து உப்பு ஜாடியை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். "நான் வெளிய தின்னுட்டுத்தான் இருக்கேன்" என்றாள் தரையைப் பார்த்து. "தினமும். என் நாக்கு கெடல. காலைல நான் வந்து சொட்டு விட்டுப் பாக்கறேன்மா."

"போர்மேன் உன்னை உள்ள விடுவானா?"

"அப்ப அதை அவர்கிட்ட சொல்லித்தான ஆகணும்."

அம்மா ஜாடியைத் திறந்தாள். ஒரே ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தாள். முகம் சுருங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. துப்பவில்லை. செக்கர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு ஜாடியை.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

தம்பி. கை நெஞ்சோடு தூளி கட்டித் தொங்கியது. "ரூம்ல ஒருத்தனும் இல்லக்கா. பசிக்குது. அத்தான், உங்க கட்டில்ல ஒரு மூலை குடுங்க."

செக்கர் எழுந்து நாற்காலியை அவனுக்கு இழுத்துப் போட்டார். "உக்காரு மச்சான்" என்றார்.

அவள் சோறு போட்டாள். காயைப் போட்டாள். அவன் இடது கையால் தடுமாறி ஒரு வாய் எடுத்து வைத்தான். மென்றான். மெல்லுவதை நிறுத்தினான்.

"அக்கா, அத்தானுக்குன்னு தனியா வைப்பியே, அதை எனக்குப் போட்டுட்ட."

"தனியா இல்லடா."

"என்னது?"

"பானை ஒண்ணுதான். மூணு மாசமா நானும் இதத்தான் திங்கறேன்." எதிரே உட்கார்ந்தாள். "அந்தத் தண்ணி எனக்கு உப்பாத்தான்டா இருந்துச்சு. உப்பாத்தான் இருந்துச்சு."

அவன் முதலில் சிரிக்கப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். தன் கட்டைப் பார்த்தான். கட்டிலடியில் ஜோடியாக இருந்த பழைய ஷூவைப் பார்த்தான். அத்தானுக்கு அந்த ஷூ நுழையாமல் போன அன்றைக்கு அவரை முதுகில் சுமந்து மாடி ஏற்றியவன் அவன்தான்.

உப்பு ஜாடி கைக்கெட்டும் தூரத்தில் திறந்திருந்தது. அவன் கை அங்கே போகவில்லை. தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் தின்றான். மகள் தண்ணீர் கொடுத்தாள், குடித்தான்.

எழுந்து கை கழுவினான். கட்டிலுக்குப் போகாமல் வாசலுக்குப் போனான். செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டான்.

"காலைல போர்மேன்கிட்ட நீ சொல்றியாக்கா, நான் சொல்லட்டுமா?"